ஸ்பானிஷ் மொழியியலில் பிஎச்.டி. செய்து பேராசிரியராவது நடக்கிற காரியமா?

உறையூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 25. ஹைதராபாத் இஃப்ளுவில் (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) ஸ்பானிஷ் எம்.ஏ. முடித்தேன். டெலே என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வில் சி1 நிலை தேறியிருக்கிறேன். இப்போது சென்னையில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஸ்பானிஷ் எடுக்கிறேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் வருஷா வருஷம் அதே எண்கள், அதே நிறங்கள், அதே "ஓலா, கோமோ எஸ்தாஸ்" (வணக்கம், எப்படி இருக்கிறாய்).

எம்.ஏ.வில் எனக்கு இலக்கியத்தைவிட மொழியியல்தான் பிடித்தது. ஸ்பானிஷில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் 'த' எப்படித் தேய்ந்து உரசொலியாகிறது என்று ஒலியியல் வகுப்பில் சொன்னபோது, நம் 'அது'வில் நடப்பதும் இதுதானே என்று ஒரே பரபரப்பு. அந்தக் கிறுக்கு இன்னும் விடவில்லை.

பிஎச்.டி. செய்து பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசை. சந்தேகங்கள் நிறைய. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது திருச்சிக்காரனை யார் வேலைக்கு எடுப்பார்கள்? அமெரிக்காவா, ஸ்பெயினா, இல்லை டெல்லியிலேயே பார்ப்பதா? கையிலிருந்து பணம் போட வசதி கிடையாது. இன்னொன்று, எனக்கு வேண்டியது மொழியியல் ஆராய்ச்சி. மறுபடியும் ஆரம்ப வகுப்புகளில் மாட்டிக்கொள்ள இஷ்டமில்லை. அதற்கு வழி இருக்கிறதா?

அப்பா பி.எட். போதும் என்கிறார். அம்மா வங்கித் தேர்வு என்கிறார்.

ஓஎம்ஆர்_வாசி:

ப்ரோ, சி1 வைத்துக்கொண்டு ஸ்கூலில் ஏன் இருக்கிறீர்கள்? நான் அதற்கு ஒரு படி கீழே, பி2-தான். ஐடி கம்பெனி ஒன்றில் மெக்சிகோ, கொலம்பியா வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலை. மொழிக்கென்று தனி அலவன்ஸ் உண்டு. கஷ்டம் ஒன்றுதான், அவர்கள் பகல் நமக்கு ராத்திரி. பிஎச்.டி. முடித்து நிலைகொள்வதற்குள் முப்பத்தைந்து ஆகிவிடும். உங்கள் அப்பா அம்மா இரண்டு பேரையும்விட நான் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன் :)

நாஞ்சில்_அக்கா:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

"மொழியியல் வேண்டும், ஆரம்ப வகுப்பு வேண்டாம்" என்கிறீர்கள். அமெரிக்க ஸ்பானிஷ் துறைகளில் அப்படி ஒரு வேலை கிட்டத்தட்ட இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். தெரியாமல் வருகிறவர்கள் மூன்றாவது வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் நாகர்கோவில். டெல்லியில் ஸ்பானிஷ் படித்து, 2004இல் அமெரிக்க மிட்வெஸ்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிஸ்பானிக் மொழியியல் பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். இப்போது வேறொரு மாநிலத்தில், ஸ்பானிஷ் துறையில் முதல் இரண்டு ஆண்டு மொழி வகுப்புகளுக்கு ஒருங்கிணைப்பாளர். அதாவது நீங்கள் ஓடப் பார்க்கிற அந்த "ஓலா" வகுப்புகளுக்கெல்லாம் மேஸ்திரி நான்தான். அதனால் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன், அந்தக் கழிவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல துறை உங்களை எடுத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதா மாதம் உதவித்தொகை. பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதும். அதற்குப் பதிலாக நீங்கள் கற்பித்தல் உதவியாளர். பெயர்தான் உதவியாளர், நடைமுறையில் ஸ்பானிஷ் 101 வகுப்பின் முழு ஆசிரியர் நீங்களே. செமஸ்டர் தொடங்கும் முன் சில நாள் பயிற்சி, அப்புறம் காலை எட்டு மணிக்கு இருபது சொச்சம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் தனியாக நிற்க வேண்டியதுதான். முதல் நாளிலிருந்தே ஸ்பானிஷிலேயே பேச வேண்டும். பாடத்திட்டமும் பொதுத் தேர்வுத் தாளும் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து வரும். வீட்டுப்பாடத்தைப் பதிப்பாளரின் இணையதளமே திருத்திவிடும். கட்டுரைகள் மட்டும் உங்கள் தலையில். எஃப்-1 விசாவில் செமஸ்டர் ஓடும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கட்டுரை திருத்துகிற வாரத்தில் அந்தக் கணக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை.

உங்களுக்குச் சிரிப்பு வரும், இந்தியாவிலிருந்து வந்தவர் ஸ்பானிஷ் கற்பிக்கவும் பல பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு எழுத வேண்டும். கொலம்பியாக்காரருக்கும் அதே தேர்வுதான், ஆகவே மனத்தாங்கல் வேண்டாம்.

முதல் செமஸ்டரிலேயே கற்பித்தல் முறை பற்றி ஒரு கட்டாயப் பாடம் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தண்டம் என்று நினைப்பார்கள். எனக்கு அது பெரிய திறப்பு. நான் முறைப்படி ஒலியனியல் செய்ய வந்தவள். ஆனால் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் எல்லோரும் ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பதே ஆராய்ச்சிக் கேள்வியாக மாறிக்கொண்டிருந்தது. ஐயோவா, இந்தியானா பிள்ளைகளுக்கு 'மே குஸ்தா' (எனக்குப் பிடிக்கும்) என்ற அமைப்பு தலைகீழாகத் தெரியும். 'நான்' என்று எழுவாய் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அடுத்த மேஜையில் இருந்த மெக்சிகோ நண்பருக்கு அவர்கள் ஏன் குழம்புகிறார்கள் என்றே புரியாது, பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறார். எனக்குப் புரியும். 'எனக்குப் பிடிக்கும்' என்று வேற்றுமை உருபோடு வளர்ந்தவள், அப்புறம் ஆங்கிலம் படித்து எதிர்ப் பக்கத்தையும் பார்த்தவள். கற்றுக்கொண்டு வந்தவருக்கு எந்தப் படியில் கால் வழுக்கும் என்று தெரியும். ஆக, திருச்சிக்காரனை யார் எடுப்பார்கள் என்பதற்குப் பாதி விடை இது.

மீதிப் பாதி. வேலை விளம்பரங்களில் ஒரு வாய்பாடு இருக்கும்: ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் தாய்மொழி அல்லது அதற்கு நிகரான திறமை. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேராசிரியர்களில் கணிசமானவர்கள் ஒஹாயோவிலோ கான்சாஸிலோ ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தவர்கள், ஆகவே தாய்மொழி இல்லை என்பது மட்டும் தடையில்லை. ஆனால் வெள்ளைக்காரர் பேசினால் "அருமையாகக் கற்றிருக்கிறார்" என்பவர்கள் நம்மைப் பார்த்தால் "இது எப்படி?" என்பார்கள். ஒரு நேர்காணலில் ஒருவர் என்னிடம் ஸ்பானிஷில் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டுவிட்டு இதையே சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். எரிச்சலாக இருந்தது. ஆயினும் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டும்போது அந்தச் சந்தேகம் பத்து நிமிஷத்தில் போய்விடும். இதனால்தான் கற்பித்தலை ஒதுக்காதீர்கள் என்று சொல்கிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய துருப்புச்சீட்டு.

வேலைச் சந்தை பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். செப்டம்பர் முதல் விளம்பரங்கள் வரும். முக்கியப் பட்டியல் எம்எல்ஏவுடையது. நம் ஊர் எம்எல்ஏ இல்லை, மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன். நான் தேடிய காலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவர்களுடைய மாநாட்டு ஊருக்கு விமானம் ஏறி, ஹோட்டல் அறைகளில் நேர்காணல் கொடுக்க வேண்டும். டிக்கெட் நம் காசு. 2011இலிருந்து மாநாடு ஜனவரிக்கு மாறியது, இப்போது முதல் சுற்று எல்லாமே வீடியோவில். தேறினால் நேரில் அழைப்பார்கள்: ஒரு ஆய்வுரை, ஒரு மாதிரி வகுப்பு, டீனோடு சந்திப்பு, இரவு விருந்து. விருந்தும் நேர்காணல்தான், மறந்துவிட வேண்டாம். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுரைக்கு எடை அதிகம், வருஷத்துக்கு நான்கு வகுப்பு. சின்னக் கல்லூரிகளில் மாதிரி வகுப்புதான் தீர்மானிக்கும், வருஷத்துக்கு ஆறு, எட்டு வகுப்புகூட இருக்கும். எண்ணிக்கையில் இரண்டாவது வகைதான் அதிகம்.

2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு சுருங்கிய அந்த வேலைப் பட்டியல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. எம்எல்ஏவின் கணக்கெடுப்புப்படி 2016க்கும் 2021க்கும் நடுவில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆங்கிலமல்லாத மொழி வகுப்புகளின் சேர்க்கை 16.6 சதவீதம் விழுந்தது. ஸ்பானிஷ் இன்னும் முதலிடத்தில் இருந்தாலும் அதுவும் சேர்ந்துதான் விழுந்தது. 2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் முதலில் மொழித் துறையையே முழுசாக மூடலாம் என்றது. பெரிய கூச்சல் எழுந்தபின், ஸ்பானிஷும் சீனமும் எடுக்கச் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு பட்டப் படிப்புகளை நிறுத்தியது. நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் ஒப்பந்த விரிவுரையாளரைப் போடுவது இப்போது சகஜம். நானே டெனியர் தடத்தில், அதாவது நிரந்தரப் பதவிக்குப் போகும் வழியில், இல்லை. மூன்று வருஷ ஒப்பந்தம், புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். கெட்ட வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிரந்தரம் என்றும் சொல்லமாட்டேன்.

இந்தச் சுருக்கத்திலும் எங்கே கதவு திறக்கிறது என்றால், மரபுவழி பேசுநர் வகுப்புகளில். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல். அவர்களுடைய பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போது பாட்டியோடு சரளமாகப் பேசுவார்கள். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் தயங்குவார்கள். அவர்களை "ஓலா" வகுப்பில் உட்காரவைக்கவும் முடியாது, செர்வாந்தேஸின் பழைய நாவலைப் படிக்கச் சொல்லவும் முடியாது. அமெரிக்கத் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை வந்து உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா, அதே நிலைமைதான். அந்தப் பிள்ளைகள் 'த்ரோக்கா' என்று லாரியையும் 'பார்க்கியார்' என்று வண்டி நிறுத்துவதையும் சொல்லும்போது, "இது தப்பு ஸ்பானிஷ்" என்று உயர்நிலைப் பள்ளியில் எவரோ திட்டி அனுப்பியிருப்பார்கள். 'ஆயிகா' என்று ஒரு வினை வடிவம் உண்டு, இலக்கணப் புத்தகம் 'ஆயா' என்றுதான் சொல்லும். எல்சால்வதோர் பிள்ளைகள் 'நீ' என்பதற்கு 'வோஸ்' போட்டுப் பேசுவார்கள். மெக்சிகோப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கேதான் மொழியியல் படித்த ஆசிரியருக்கு மதிப்பு. 'ஆயிகா' பல நூற்றாண்டுகளாக ஸ்பெயினிலேயே கிராமப்புறத்தில் புழங்கியது, உன் பாட்டி தப்பாகப் பேசவில்லை, இந்தக் கட்டுரைக்கு மட்டும் இந்த வடிவம் போடு என்று சொல்லத் தெரிய வேண்டும். வெறும் இலக்கணம் படித்தவர் திட்டத்தான் செய்வார்.

மருத்துவ ஸ்பானிஷ், மொழித் திட்ட ஒருங்கிணைப்பு, இரண்டாம் மொழி கற்றல் ஆய்வு, இவையும் கேட்கப்படுகிறவை. கோட்பாட்டுத் தொடரியல் (வாக்கிய அமைப்பு ஆய்வு) மட்டும் என்று வந்தால் வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணலாம்.

விசா பற்றி யாரும் முதலிலேயே சொல்வதில்லை. நம் பாடம் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வராது. ஆகவே படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை அனுமதி, ஓபிடி, 12 மாதம்தான், ஐடிக்காரர்களுக்கு உள்ள நீட்டிப்பு கிடையாது. ஒரு நல்லது, பல்கலைக்கழகங்களின் எச்-1பி மனுக்களுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை, குலுக்கல் இல்லை. ஆனால் 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். வெளிநாட்டிலிருக்கும் ஒருவருக்காக எந்த ஸ்பானிஷ் துறையும் அதைக் கட்டப்போவதில்லை. அங்கே படித்து அங்கேயே விசா மாறுகிறவர்களின் நிலை வேறு. இது மாறிக்கொண்டே இருக்கிறது, விண்ணப்பிக்கும்போது நிலவரம் பாருங்கள். கிரீன் கார்டு வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கும் நீளம் உங்களுக்கே தெரியும். ஈக்வதோர் தோழி எனக்கு வெகுகாலம் கழித்து வேலைக்குச் சேர்ந்து, எனக்கு வெகுமுன்னால் கார்டு வாங்கினாள். போகட்டும்.

உதவித்தொகை இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். கடன் வாங்கி ஸ்பானிஷ் பிஎச்.டி. செய்வது வேண்டவே வேண்டாம்.

உறையூர்க்காரன்:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. கொஞ்சம் கலக்கமாகவும் இருக்கிறது. கற்பித்தலும் வேலையின் பகுதி என்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதுவே வேலை என்றால் இப்போது செய்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று மனசு கேட்கிறது. யோசிக்கிறேன்.

ஆய்வுத் தலைப்பாக, 'இரு' என்ற பொருளில் ஸ்பானிஷில் உள்ள 'ஸெர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகளின் வேறுபாட்டை எடுக்கலாமா என்று ஒரு எண்ணம். அதில் ஏற்கெனவே மலைபோல் எழுதியிருக்கிறார்கள் என்றும் தெரியும்.

மத்ரித்_மோர்க்குழம்பு:

ஸ்பெயின் பக்கம் நான் சொல்கிறேன். இங்கே முதுகலை முடித்து, இப்போது முனைவர் படிப்பில் இருக்கிறேன்.

உங்கள் எம்.ஏ. இருந்தால் முனைவர் படிப்பில் நேரடியாகச் சேரலாம். பட்டத்தை அமைச்சகத்தில் முழுசாகச் சமன்படுத்த வேண்டியதில்லை, பல்கலைக்கழகமே சரிபார்த்துக்கொள்ளும். முழு நேரமாகச் செய்தால் முன்பு மூன்று வருஷம், 2023இல் விதியை மாற்றி நான்காக்கினார்கள். கட்டணம் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கு வழி? அமெரிக்கா மாதிரி சேர்த்தவுடன் வகுப்பும் சம்பளமும் தருகிற வழக்கம் இங்கே கிடையாது. போட்டியில் வெல்லும் நான்காண்டு ஒப்பந்தங்கள் உண்டு, மதிப்பெண் சண்டை கடுமை. கரோலினா அறக்கட்டளை உதவித்தொகை என்று இணையத்தில் பார்ப்பீர்கள், அது லத்தீன் அமெரிக்கர்களுக்கு. நம்மைச் சேர்க்கமாட்டார்கள்.

அயல்மொழியாக ஸ்பானிஷ் கற்பித்தல், இங்கே சுருக்கமாக 'எலே' என்பார்கள், அதில் ஓராண்டு முதுகலை இருக்கிறது. சலாமாங்கா, அல்கலா, நெப்ரிஹா, பார்சிலோனாவில் பொம்பெவ் ஃபாப்ரா எல்லாம் பெயர் பெற்றவை. கற்பித்தல் வேலைக்கு அதுவே போதும், பிஎச்.டி. வேண்டாம்.

படித்தபின் இங்கேயே பல்கலைக்கழக வேலை என்றால்: 2023 சட்டத்துக்குப் பிறகு 'அயுதாந்தே தோக்தோர்' என்ற தொடக்கநிலை ஆசிரியர் பதவிக்கு, ஆனேகா என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரம் முன்கூட்டியே வேண்டியதில்லை, ஒப்பந்தம் ஆறு வருஷம். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துறையும் தன் மாணவரையே எடுக்கும் என்பது ஸ்பானியர்களே சலித்துக்கொள்கிற விஷயம். 'அசோசியாதோ' என்று ஒரு பகுதிநேரப் பதவி இருக்கிறது, வெளியே வேறு வேலை இருப்பவர்களுக்கென்று உண்டாக்கியது. அதை மட்டும் நம்பி மத்ரித்தில் வாடகை கட்ட முடியாது.

எனக்கு இது தெரிந்தேதான் வந்தேன். குடும்பம் இங்கே இருப்பதால் ஓடுகிறது.

முனிர்க்கா_டீக்கடை:

டெல்லியை யாரும் சொல்லவில்லையே. யுஜிசி நெட் தேர்வில் ஸ்பானிஷ் ஒரு பாடம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. ஜேஎன்யூ, டெல்லி பல்கலைக்கழகம், ஜாமியா, உங்கள் இஃப்ளு, எல்லாவற்றிலும் ஸ்பானிஷ் இருக்கிறது. உதவிப் பேராசிரியர் அடிப்படைச் சம்பளம் 57,700இல் ஆரம்பம், மத்திய அரசு வேலை. சிக்கல், இடம் காலியாகிறதே அபூர்வம். கௌரவ விரிவுரையாளராகப் பல வருஷம் ஓட்டுகிறவர்கள் எங்கள் மையத்தைச் சுற்றியே இருக்கிறார்கள். ஸ்பெயின் அரசு நடத்தும், 2009இல் டெல்லிக்கு வந்த செர்வாந்தேஸ் நிலையத்தில் மணிக்கணக்கு வகுப்புகள் கிடைக்கும், வாடகைக்கு ஆச்சு.

எதற்கும் நெட் எழுதி வையுங்கள். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிற வருஷத்திலேயே எழுதலாம்.

நாஞ்சில்_அக்கா:

முனிர்க்கா சொல்வது சரி, நெட் எழுதிவிடுங்கள்.

தம்பி, வித்தியாசம் என்ன என்று கேட்டீர்கள். இப்போது நீங்கள் வேறொருவர் போட்ட பாடத்தை எடுக்கிறீர்கள். அங்கே எதை, எந்த வரிசையில், ஏன் கற்பிப்பது என்று முடிவு செய்வதும், அந்த முடிவு சரியா என்று அளந்து பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும் உங்கள் வேலை. வகுப்பு அதேதான். எனக்கு அந்த வித்தியாசம் போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் போதாமல் இருக்கலாம், அப்படியானால் ஸ்பானிஷ் துறையை விட்டுவிட்டு நேரடியாக மொழியியல் துறைக்கு விண்ணப்பிப்பது நேர்மை. அங்கே உங்கள் போட்டியாளர்கள் வேறு.

'ஸெர்', 'எஸ்தார்' வேண்டாம். தமிழ் தெரிந்தவருக்கென்றே சில வாசல்கள் இருக்கும்போது எல்லோரும் நெருக்கியடிக்கிற வாசலில் ஏன் நிற்க வேண்டும்?

ஒன்று, செயப்படுபொருள் உருபு. ஸ்பானிஷில் வீட்டைப் பார்த்தால் 'வேயோ லா காஸா'. மரியாவைப் பார்த்தால் 'வேயோ அ மரீயா', நடுவில் ஒரு 'அ' வந்தே தீர வேண்டும். தமிழில் 'வீடு பார்த்தேன்' என்று 'ஐ' இல்லாமல் சொல்லலாம், 'மரியா பார்த்தேன்' என்று சொல்ல முடியுமா? உயர்திணை வந்தால் உருபு கட்டாயம். ஆங்கிலத்தில் இந்தக் கணக்கே கிடையாது, அதனால் அமெரிக்க மாணவர்கள் கடைசி வரை அந்த 'அ'வை விழுங்குவார்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளே விடுவதுண்டு. இல்லினாயில் சில்வினா மொன்ட்ருல் என்ற மொழியியலாளர் ஸ்பானிஷ், இந்தி, ருமேனிய மொழிகளை வைத்து இதை ஒப்பிட்டிருக்கிறார். தமிழை வைத்து நீங்கள் என்ன சேர்க்க முடியும் என்று அதைப் படித்துவிட்டு யோசியுங்கள்.

இரண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈக்வதோர் மலைப்பகுதி ஸ்பானிஷ் கேட்டிருக்கிறீர்களா? அங்கே கிச்சுவா என்ற பழங்குடி மொழியோடு நூற்றாண்டுகளாக ஒட்டி வாழ்ந்து ஸ்பானிஷே வளைந்திருக்கிறது. கிச்சுவா நம்மைப் போல ஒட்டு மொழி, வினை கடைசியில் வரும். தலைநகர் கீத்தோவில் கதவைத் திறக்கச் சொல்லிப் பணிவாகக் கேட்கும்போது 'தாமே அப்ரியெந்தோ லா புயெர்தா' என்பார்கள். மத்ரித்காரருக்கு 'திறந்துகொண்டே எனக்குக் கொடு' என்கிற மாதிரி அபத்தமாகக் கேட்கும். எனக்கு அந்தத் தோழி வாயிலிருந்து முதல் தடவை கேட்டபோது 'கதவைத் திறந்து தா' என்று அப்படியே நாகர்கோவில் கேட்டது. 'வீனே கொமியெந்தோ' என்றால் சாப்பிட்டுக்கொண்டே வந்தேன் என்றல்லவா புத்தக ஸ்பானிஷில் அர்த்தம்? அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தேன். நம் வினையெச்சம் செய்கிற வேலையை ஸ்பானிஷ் வினை வடிவம் செய்துகொண்டிருக்கிறது. ஆந்தீஸ் மலைநாடு நெடுகிலும் பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது 'தீஸியெந்தோ' என்று 'சொல்லி' ஒன்றை ஒட்டுகிற பழக்கம் இருக்கிறது, கிச்சுவாவும் சேர்ந்த கெச்சுவா குடும்பத்தின் 'நிஸ்பா'வைப் பார்த்து வந்தது. நம் 'என்று'வும் 'என்' என்ற வினையிலிருந்து வந்ததுதானே. கெச்சுவா, திராவிடம் இரண்டு குடும்பத்துக்கும் உறவு எதுவும் கிடையாது, அதைக் கிளப்பிவிட வேண்டாம், லெமூரியாக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஆனால் ஒரே மாதிரிக் கட்டமைப்புள்ள இரண்டு மொழிகளில் ஒன்று ஸ்பானிஷை எப்படி மாற்றியது என்பதைத் தமிழர் கண்ணால் பார்ப்பதற்கு இடம் இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள் ஸ்பானிஷ் கற்கும்போது இதே வளைவுகள் வருகின்றனவா? உங்கள் எட்டாம் வகுப்பிலேயே தகவல் சேகரிக்கலாம். பள்ளி அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு.

ஒலியியல்தான் என்றால் உங்கள் 'அது' விஷயமும் நல்ல விதை. 'பெரோ', 'பெறோ' என்று ஸ்பானிஷில் பொருள் மாறும், முதலாவது 'ஆனால்', மற்றது நாய். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் ர, ற இன்னும் பிரிந்து நிற்கிறது. திருச்சிப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. இரண்டு ஊர்க்காரர்களும் ஸ்பானிஷ் கற்றால் யாருக்கு எளிது? நான் டெல்லியில் படித்தபோது இதில் அலட்டிக்கொண்டதுண்டு.

விண்ணப்பம்: பெரும்பாலான துறைகளுக்குக் கடைசித் தேதி டிசம்பர் முதல் ஜனவரி நடு வரை. ஸ்பானிஷில் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரை, நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதம், சில இடங்களில் உங்கள் குரல் பதிவும் கேட்பார்கள். ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. இந்தியானா, ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், இல்லினாய், ஃப்ளோரிடா, அரிசோனா, ஆஸ்டின், ஜார்ஜ்டவுன், இவற்றின் பக்கங்களைப் பாருங்கள். துறைப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், யாரிடம் வேலை செய்யப்போகிறீர்கள் என்று பார்த்து, அவருக்கு அக்டோபரிலேயே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். ஸ்பானிஷில். நோக்க அறிக்கையில் பள்ளியில் கற்பித்ததை ஒரு மூலையில் ஒளிக்காதீர்கள், இரண்டாவது பத்தியில் வையுங்கள். சேர்க்கைக் குழுவில் என்னைப் போல ஒருவராவது உட்கார்ந்திருப்பார், அடுத்த ஆகஸ்டில் 101 வகுப்புக்கு ஆள் வேண்டுமே என்று.

பதில் பிப்ரவரி, மார்ச்சில் வரும். உதவித்தொகையோடு அழைப்பு வந்தால் பொதுவாக ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல நேரம் உண்டு. அதற்கு முன் அவசரப்படுத்தினால் பணிவாக அவகாசம் கேளுங்கள்.

ஓஎம்ஆர்_வாசி:

அக்கா, நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். எங்கள் டீமில் கீத்தோக்காரர் ஒருவர் 'தாமே மந்தாந்தோ எல் ஆர்ச்சிவோ' என்று எழுதுவார். ஃபைலை அனுப்பிக்கொண்டே கொடு என்றால் என்ன என்று இத்தனை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சரி, ஒரு கேள்வி. போர்த்துகீஸும் தெரிந்திருந்தால் பிரயோஜனமா?

நாஞ்சில்_அக்கா:

ரொம்பவே. பல விளம்பரங்களில் "போர்த்துகீஸும் கற்பிக்க முடிந்தால் கூடுதல் தகுதி" என்று இருக்கும். நிறையத் துறைகளின் பெயரே ஸ்பானிஷ் மற்றும் போர்த்துகீஸ் துறைதான். பிஎச்.டி. திட்டங்கள் பலவற்றில் இன்னொரு மொழி வாசிக்கத் தெரிய வேண்டும் என்று நிபந்தனையும் உண்டு. முதல் வருஷமே பிரேசில் போர்த்துகீஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டால் அதுவும் முடிந்த மாதிரி. பி2 வைத்திருக்கிற உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

அந்தக் கீத்தோக்காரர் எழுதுகிற மின்னஞ்சல்களை அவரிடம் கேட்டுவிட்டு உறையூர்த் தம்பிக்கு அனுப்பிவையுங்கள். கம்பெனி விஷயங்களை அழித்துவிட்டு.